எஞ்சி நிற்கும் இழுவிசை

கடலடியில் எண்ணெயையும் எரிவாயுவையும் கொண்டுசெல்லும் எஃகுக் குழாய்கள் பெரும்பாலும் குழாய் பதிக்கும் கப்பலின் தளத்திலேயே பற்றவைக்கப்பட்டு நீண்ட சரமாகக் கடலுக்குள் இறக்கப்படுகின்றன. ஆயினும் அந்தச் சரம் உற்பத்தி மேடையின் காலடியை அடைந்தபின், மேல்தளத்துக்குச் செங்குத்தாக ஏறும் ரைசர் என்னும் குழாயோடு அதைச் சேர்ப்பதற்குப் பற்றவைப்பு எளிதில் கைகொடுப்பதில்லை. இரு முனைகளுக்கும் இடைப்பட்ட தூரமும் கோணமும் கடலடியில் அளந்தெடுக்கப்பட்ட பிறகே, அந்த அளவுக்கேற்ப வளைத்துச் செய்யப்பட்ட ஸ்பூல் என்னும் இடைக்குழாய் இறக்கப்படுகிறது. அதன் இரு முனைகளிலும், வேண்டியபோது கழற்றக்கூடியதும் கழற்றும் நாள்வரை கசியாததுமான இணைப்பு தேவை. அத்தகைய இணைப்புகளுள் ஒன்றான கிளாம்ப் இணைப்பையும், அதை இறுக்கி அடைக்கப் பயன்படும் ஹைட்ராலிக் டென்ஷனர் என்னும் கருவியையும், 1990களின் பிற்பகுதியில் மும்பை ஹை கடற்பரப்பில் அக்கருவியின் பம்ப்பைக் கையாண்ட நாட்களின் நினைவுகளையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கிளாம்ப் இணைப்பின் அமைப்பு பார்வைக்கு எளியது. சேர வேண்டிய குழாய்கள் இரண்டின் முனையிலும் ஹப் எனப்படும் தடித்த கழுத்து பற்றவைக்கப்பட்டிருக்கும். அதன் பின்புறத் தோள், குழாயின் அச்சுக்குக் குறுக்கான தளத்திலிருந்து பொதுவாக 25 பாகை சரிந்திருக்கும். ஹப்புகளின் முகங்களுக்கு நடுவே சீல் ரிங் என்னும் உலோக வளையம் அமர்கிறது. உட்புறத்தில் அதே சரிவுள்ள பள்ளம் வெட்டப்பட்ட அரைவட்டக் கிளாம்ப் துண்டுகள் இரண்டு, தோள்கள் இரண்டையும் சேர்த்துக் கவ்வுகின்றன. அத்துண்டுகளின் காதுகளில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸ்டட்டுகள், அதாவது இரு முனையிலும் மரை வெட்டிய தலையற்ற போல்ட்டுகள், செருகப்படுகின்றன. ஸ்டட்டுகளை இறுக்கினால் அரைவட்டங்கள் நெருங்கும். நெருங்கும்போது அவற்றின் சரிவு, விறகைப் பிளக்கும் ஆப்பு செய்வதற்கு நேர்மாறாக, ஹப்புகளை ஒன்றோடொன்று சேர்த்து அழுத்தும். பத்துப் பன்னிரண்டு முதல் இருபது வரை போல்ட்டுகளால் வட்டத் தட்டுகளைச் சேர்த்து இறுக்கும் பிளேஞ்ச் இணைப்போடு ஒப்பிட்டால் இங்கே கையாள வேண்டியவை நான்கே என்பதும், போல்ட் துளைகள் நேருக்கு நேர் அமையும்படி குழாயைத் திருப்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பதும், ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டாகும் கடலடிப் பணியில் சிறிய வசதிகள் அல்ல.

பட்டறைகளில் ஸ்பானர் பிடித்துப் பழகி இத்தொழிலுக்கு வரும் எவரும் முதலில் மறக்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. இணைப்பை அடைத்து வைத்திருப்பது நட்டைச் சுழற்றிய வலிமையன்று; ஸ்டட் அடைந்த நீட்சியே. இழுக்கப்படும் பொருள் இழுவிசைக்கு ஏற்ற அளவில் நீளும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் 1678இல் விளக்கி வெளியிட்டார். அவ்வாறு நீண்ட எஃகு மீண்டும் சுருங்க முயல்வதே கிளாம்பை ஆண்டுக்கணக்கில் ஓயாமல் நெருக்கிக்கொண்டிருக்கும் விசையாகும். டார்க் ரெஞ்ச் என்னும் முறுக்குவிசைத் திறவுகோல் இந்த நீட்சியை நட்டைச் சுழற்றியே பெறுகிறது. ஆனால் சுழற்றுவதற்குச் செலவிடும் உழைப்பில் ஏறத்தாழப் பாதி நட்டின் அடிமுகத்து உராய்விலும், 40 விழுக்காட்டளவு மரைகளின் உராய்விலும் கரைந்துபோக, ஸ்டட்டை நீட்டுவதற்குப் பத்தில் ஒரு பங்கே மிஞ்சுகிறது. உராய்வுக்குப் போகும் 90 பங்கு 85ஆகக் குறைந்தாலே ஸ்டட்டுக்குச் சேரும் 10 பங்கு 15 ஆகி, ஒரே முறுக்குவிசையில் இழுவிசை ஒன்றரை மடங்காகிவிடும் என்பதால், மரையில் தடவிய கிரீஸின் தரம், ஒட்டியிருக்கும் மணல், துருவின் சொரசொரப்பு ஆகிய யாவும் முடிவை மாற்றவல்லவை. தரையிலேயே இவ்வாறு என்றால், கால் ஊன்ற உறுதியான நிலமில்லாமல், நட்டைத் திருப்ப முயன்றால் தன் உடலே திரும்பிவிடும் நிலையில் நீருக்குள் நிற்பவரிடம் முறுக்குவிசைக் கணக்கை நம்பி ஒப்படைக்க முடியாது.

டென்ஷனர் இந்த உராய்வை ஒதுக்கிவிட்டு ஸ்டட்டை நேராகவே இழுக்கிறது. அதற்காக நட்டுக்கு மேலே ஸ்டட்டின் மரை, குறைந்தது அதன் விட்டத்தின் அளவுக்காவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிரிட்ஜ் எனப்படும் தடித்த எஃகுக் கூடு நட்டைச் சுற்றி அமர, அதன்மேல் வளைய வடிவச் சிலிண்டரும் பிஸ்டனும் இருக்க, எல்லாவற்றுக்கும் மேலே புல்லர் என்னும் மரைப் பற்றி ஸ்டட்டின் நுனியைப் பிடித்துக்கொள்கிறது. ஹைட்ராலிக் திரவம் உள்ளே பாய்ந்ததும் பிஸ்டன் எழுந்து புல்லரைத் தூக்கும். புல்லர் ஸ்டட்டை நீட்டும். நட்டு தன் இருக்கையைவிட்டு மயிரிழை விலகும். பிரிட்ஜின் பக்கத்திலுள்ள சன்னல் வழியாக டாமி பார் என்னும் சிறு கம்பியை நுழைத்து நட்டைச் சுழற்றி மீண்டும் இருத்தியபின் அழுத்தத்தை விட்டுவிட்டால், அதுவரை கருவி தாங்கிய சுமையை நட்டு ஏற்கிறது. பெரிய டீசல் எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட் ஸ்டட்டுகளை ஹைட்ராலிக் ஜாக் கொண்டு இழுத்து இறுக்கிய கப்பல் பொறியாளர்களுக்கு இம்முறை புதியதன்று. கடலடிக்கென்று செய்யப்படும் கருவியில் சில மாற்றங்கள் உண்டு: புல்லர் முழுதும் சுற்றி இறக்க வேண்டிய ஒரே துண்டாக இல்லாமல், ஸ்டட்டின்மேல் நேராக வைத்ததும் மரையைக் கவ்விக்கொள்ளும் பிளவு நட்டாக இருக்கும், பிஸ்டன் தன் எல்லையை எட்டியதைக் காட்டும் சிவப்புக் கோடு மங்கிய வெளிச்சத்திலும் தெரியும்படி அகலமாக இருக்கும், இவ்வகைக் கருவிகள் பலவும் 1500 பார் வரையான அழுத்தத்தில் இயங்குபவை. வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 1500 மடங்கு என்று சொன்னால் அதன் அளவு விளங்கும்.

மும்பை ஹை எண்ணெய் வயல், சாகர் சாம்ராட் என்னும் துளையிடும் கலத்தால் 1974இல் கண்டறியப்பட்டு, 1976இல் உற்பத்தியைத் தொடங்கியது. மும்பைக் கரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் மேற்கே அமைந்த அப்பரப்பில் கடலின் ஆழம் 75 மீட்டரை ஒட்டியது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கட்டுமானப் பணி ஏறக்குறைய நின்றுபோவதால், அக்டோபர் முதல் மே வரையான மாதங்களில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டிய நெருக்கடி எப்போதும் இருந்தது. காற்றைச் சுவாசித்துப் பாதுகாப்பாகப் பணிசெய்யும் எல்லை 50 மீட்டர் அளவிலேயே முடிந்துவிடுவதால், அந்த ஆழத்தில் சாச்சுரேஷன் முறையே வழக்கம்; அதாவது முக்குளிப்பவர்கள் கப்பலிலுள்ள அழுத்த அறைகளில் நாள் கணக்கில் வாழ்ந்து, ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த வாயுவைச் சுவாசித்து, அதே அழுத்தத்திலுள்ள பெல் என்னும் கூண்டில் ஏறி வேலைக்கு இறங்கி, மீண்டும் அதிலேயே அறைக்குத் திரும்புவார்கள். பணித்தொகுதி முடிந்தபின் வெளிக்காற்றுக்கு வருவதற்கான அழுத்தக் குறைப்புக்கே மூன்று நான்கு நாட்கள் ஆகும்.

அங்கே பணிசெய்த முக்குளிப்புக் கப்பலின் பின்தளத்தில், கிரேனின் நிழல் விழும் மூலையில், டென்ஷனர் பம்ப் வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து புறப்படும் மெல்லிய உயரழுத்த ஹோஸ் கப்பலின் விளிம்பைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கி, கடலடியில் நான்காகக் கிளைத்து, நான்கு டென்ஷனர்களையும் ஒரே நேரத்தில் ஊட்டும். கிளாம்புக்கு நான்கு ஸ்டட்டுகளே என்பதால் எல்லாவற்றையும் ஒருசேர இழுக்க முடிந்தது ஒரு பெரிய நன்மை. பிளேஞ்ச் இணைப்பில் பாதிப் போல்ட்டுகளை முதலில் இழுத்து, கருவிகளை மாற்றி மறுபாதியை இழுக்கும்போது, முதல் பாதியின் இழுவிசை தளர்ந்துவிடும். அந்தத் தளர்ச்சியை முன்கூட்டியே கணக்கிட்டு, முதல் சுற்றுக்கு ஓர் அழுத்தமும் இரண்டாம் சுற்றுக்கு அதைவிடக் குறைந்த வேறோர் அழுத்தமும் குறிக்க வேண்டியிருக்கும். பம்ப்பில் உள்ள மானி கடல்மட்டத்தில் இருக்க, கருவி 75 மீட்டர் கீழே இருப்பதால் அளவு பிசகாதா என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. ஹோஸுக்குள் நிற்கும் திரவத்தின் எடை கருவிக்குள் கூட்டும் ஏழெட்டு பார் அழுத்தத்தை, வெளியிலிருந்து கடல்நீர் தரும் ஏறத்தாழ அதே அளவு அழுத்தம் ஈடுசெய்துவிடுவதால், அவர்கள் அஞ்சிய பிசகு நேர்வதில்லை.

உண்மையான இக்கட்டு வேறிடத்தில் இருந்தது. பம்ப்பின் அருகே நிற்பவருக்கு மானி தெரியும், ஸ்டட் தெரியாது. கடலடியில் இருப்பவருக்கு ஸ்டட் தெரியும், மானி தெரியாது. இருவருக்கும் இடையே டைவ் கன்ட்ரோல் என்னும் கட்டுப்பாட்டு அறையும், அங்கே அமர்ந்து இரு பக்கமும் பேசும் மேற்பார்வையாளரும், ஹீலியத்தால் கீச்சிட்டுப்போன குரலை மீண்டும் மனிதக் குரலாக்க முயலும் ஒரு மின்னணுப் பெட்டியும் மட்டுமே. ஆகையால் சொல்லப்பட்ட ஒவ்வொரு கட்டளையும் கேட்டவரால் திருப்பிச் சொல்லப்பட்ட பிறகே நிறைவேற்றப்பட்டது. ‘பிரஷர் ஏற்று’ என்னும் சொல் கீழிருந்து வராமல் பம்ப் தொடங்காது. ‘விலகிவிட்டேன்’ என்னும் சொல் வராமல் அழுத்தம் முதல் படியைத் தாண்டாது. விலகுதல் என்பதற்கு, ஸ்டட்டின் அச்சுக்கு நேராக உடலின் எப்பகுதியும் இல்லாமல் பக்கவாட்டில் ஒதுங்குதல் என்று பொருள். முறியும் ஸ்டட்டும் அதோடு பறக்கும் கருவியும் அந்த அச்சின் வழியேதான் வரும். ஹோஸில் ஊசித்துளை விழுந்தால் பீறிடும் திரவம் கையுறையையும் தோலையும் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும் என்பதால், கசிவைக் கையால் தடவித் தேடுவது எங்கும் கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டிருந்தது.

முதலில் ஹப் முகத்தின் காப்பு மூடி கழற்றப்படும். பிறகு முக்குளிப்பவர் சீல் ரிங் அமரும் பள்ளத்தைத் துணியால் துடைத்து, விரல் நுனியால் சுற்றிலும் தடவிப் பார்ப்பார். கடலடிச் சேறு கிளம்பிக் கண்ணுக்கு ஏதும் தெரியாமல் போகும் அந்நேரங்களில், தலைக்கவசத்தின் கேமரா மேலே அனுப்பும் படத்தைவிட அவருடைய விரலே நம்பத்தக்க சாட்சி. அந்தப் பள்ளத்தில் கிடக்கும் ஒரு மணல் துகளே அடைப்பைக் கெடுக்கப் போதுமானது. ஸ்பூலின் முனை நெருக்கப்பட்டு, வளையம் அமர்த்தப்பட்டு, கிளாம்ப் துண்டுகள் மூடப்பட்டு, நட்டுகள் கையால் இறுக்கப்பட்ட பின்னரே கிரேன் கூடை டென்ஷனர்களோடு இறங்கும். கூடை எங்கேனும் இடித்து ஸ்டட்டின் நுனி மரை நசுங்கினால் புல்லர் பற்றாது. எனவே மரைகளின் பிளாஸ்டிக் உறைகளைக் கடைசி நிமிடம்வரை கழற்றாமல் வைத்திருப்பது அனுபவமுள்ளவர்களின் வழக்கமாக இருந்தது.

ஹோஸுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. காற்று இருந்தால் மானியின் முள் சீராக ஏறாமல் சோம்பலாக நகரும். பம்ப்பின் ஒவ்வோர் அடிக்கும் ஹோஸ் துள்ளும். ராமநாதபுரம் கரையிலிருந்து வந்து அக்கப்பலில் ரிக்கராக இருந்த ஒருவர், பொறியியல் கல்லூரியின் வாசலை மிதிக்காதவர், மானியைப் பார்க்காமலே ஹோஸின்மேல் பூட்ஸ் காலை லேசாக வைத்து, “இன்னும் காத்து போவலண்ணே, கொஞ்சம் பொறுங்க” என்பார். அவர் சொன்ன பிறகு வால்வைத் திறந்தால் குமிழிகள் வந்துகொண்டிருக்கும். கருவிகளின் கையேடுகள் எழுதப்படும் நாடுகளில் இத்தகையவர்களின் அறிவு எந்தப் பக்கத்திலும் இடம்பெறுவதில்லை.

இனி, இக்கட்டுரையின் மையமான கணக்குக்கு வரலாம். இரண்டரை அங்குல, அதாவது ஏறத்தாழ 64 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டட் ஒன்றில், வேலை முடிந்தபின் சதுர மில்லிமீட்டருக்கு 300 நியூட்டன் இழுதகைவு நிலைத்திருக்க வேண்டும் என்று வடிவமைப்பாளர் குறித்திருப்பதாகக் கொள்வோம். மரை வெட்டியதுபோக அதன் பயனுறு குறுக்குப்பரப்பு ஏறத்தாழ 2865 சதுர மில்லிமீட்டர் என்பதால், தேவையான விசை 860 கிலோநியூட்டன். எடைக் கணக்கில் ஏறத்தாழ 88 டன். இறுக்கப்படும் பகுதியின் நீளம் 400 மில்லிமீட்டராயின், இந்த விசையில் ஸ்டட் நீள்வது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். இவ்வளவு பெரிய ஏற்பாடும் இந்த அரை மில்லிமீட்டரைப் பெறுவதற்காகவே. ஆனால் கருவியின் பிடி விடுபட்டுச் சுமை நட்டுக்கு மாறும் நொடியில், மரைகள் நெளிந்து அமர்வதாலும் நட்டின் அடிமுகம் அழுந்துவதாலும் அந்த நீட்சியின் ஒரு பகுதி இழக்கப்படுகிறது. ஸ்டட்டின் விட்டத்தை இறுக்கப்படும் நீளத்தால் வகுத்து 1.01ஐக் கூட்டினால், எவ்வளவு மிகையாக இழுக்க வேண்டும் என்பதன் மடங்கு கிடைக்கும் என்பது தொழிலில் பரவலாக வழங்கும் கணக்கு. இந்த ஸ்டட்டுக்கு அம்மடங்கு 1.17, எனவே 860 எஞ்ச வேண்டுமானால் 1006 கிலோநியூட்டன் இழுக்க வேண்டும், பிஸ்டனின் பரப்பு 9000 சதுர மில்லிமீட்டர் எனில் மானி 1120 பார் அளவைக் காட்ட வேண்டும். நீளம் பாதியானால் மடங்கு 1.33 ஆகிவிடும், குட்டையான ஸ்டட் நீட்சியை எளிதில் இழப்பது இதனால்தான். மானி காட்டும் அழுத்தம் இழுத்த விசையைச் சொல்கிறதேயன்றி, எஞ்சி நிற்கும் விசையைச் சொல்வதில்லை. கசிவைத் தடுப்பது எஞ்சி நிற்பதே.

பிளேஞ்ச் இணைப்பாக இருந்தால் கணக்கு இத்துடன் முடிந்திருக்கும். கிளாம்பில் இன்னொரு படி உண்டு. அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நான்கு ஸ்டட்டுகளின் விசையும் சேர்ந்து ஏறத்தாழ 350 டன் ஆயினும், ஹப்புகளை நெருக்கும் அச்சுவிசை அதே அளவினதன்று. சரிவின் வழியாகப் பெருகி வருவது. தோளுக்கும் கிளாம்புக்கும் இடையே நன்கு மசகிடப்பட்டு உராய்வுக் கெழு 0.09 அளவில் இருந்தால், 25 பாகைச் சரிவில் அச்சுவிசை 950 டன்னை எட்டும். மசகு கழுவப்பட்டு, சேறு புகுந்து, கெழு 0.3 ஆகிவிட்டால், ஸ்டட்டுகளில் அதே 350 டன் இருந்தும் அச்சுவிசை 620 டன் அளவிலேயே நின்றுவிடும். நட்டிலிருந்து துரத்திய உராய்வு தோளில் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று சொல்லலாம். டென்ஷனரின் மானி இதைக் காட்டவே காட்டாது.

இதற்கான மருந்து வியக்கத்தக்க அளவுக்கு எளியது. அழுத்தம் ஏற்றி, நட்டை இருத்தி, அழுத்தத்தை இறக்கியபின், கிளாம்பின் முதுகைச் சுத்தியலால் சுற்றிலும் தட்ட வேண்டும். தட்டும்போது உராய்வின் பிடி நொடிப்பொழுது விட, கிளாம்ப் தோளின்மேல் இன்னும் சற்று இறங்கி அமரும். அந்த இறக்கத்தால் ஸ்டட்டின் இழுவிசை தளரும். மீண்டும் அதே அழுத்தம் ஏற்றினால் நட்டு மீண்டும் சிறிது சுழலும். இவ்வாறு நட்டு அசையாத நிலை வரும்வரை தொடர்ந்து, இறுதியில் சரிபார்ப்புச் சுற்று ஒன்றும் செய்யப்படும். அச்சுற்றில் முழு அழுத்தத்தில் டாமி பாரை வைத்துப் பார்த்தால் நட்டு திரும்பக் கூடாது. நீருக்குள் சுத்தியல் வீச்சு வலுவிழந்துவிடும் என்பதால், முக்குளிப்பவர்கள் நீண்ட வீச்சை விடுத்து, குட்டையாகவும் விரைவாகவும் தட்டுவார்கள். கிளாம்ப் துண்டுகளுக்கு இடையிலான இடைவெளி இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று அளவுத்தகட்டை நுழைத்துப் பார்ப்பதும் அவர்களின் பொறுப்பே.

தட்டுவதும் சரிபார்ப்பதும் கப்பல் நேரத்தைத் தின்னும் வேலைகள். ஆகவே எப்போதும் முதலில் வெட்டப்படுபவையும் அவையே. பருவக்காற்றுக்கு முந்தைய மே மாதப் பணியொன்றில், வானிலை கெட்டுவருவதாக வந்த அறிக்கையைக் காட்டி, வாடிக்கையாளர் தரப்புப் பொறியாளர் ஒருவர், மானி உரிய அழுத்தத்தைக் காட்டிவிட்டது, பதிவும் ஆகிவிட்டது, இனிக் கருவிகளை மேலேற்றலாம் என்று முடிவுசெய்தார். பம்ப் தரப்பிலிருந்து எழுந்த ஆட்சேபம் பணிக்குறிப்பேட்டில் ஒரு வரியாகப் பதிந்ததோடு நின்றது. நீரழுத்தச் சோதனையின்போது, கசிவைக் காண்பதற்காகக் குழாய் நீரில் கலந்திருந்த ஒளிரும் பச்சைச் சாயம், கிளாம்பின் கீழ்விளிம்பிலிருந்து நூலிழையாகக் கிளம்புவதை முக்குளிப்பவரின் விளக்கொளி காட்டியது. அழுத்தம் முழுதும் இறக்கப்பட்டு டென்ஷனர்கள் மீண்டும் கீழே சென்றபோது, குறித்த அழுத்தத்தில் நான்கு நட்டுகளும் தயக்கமின்றிச் சுழன்றன. தட்டித்தட்டி இறுக்கியபின் கசிவு நின்றது. மிச்சப்படுத்தியதாகக் கருதப்பட்ட நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் சோதனையை மறுபடி தொடங்குவதில் போயிற்று. எவருக்கும் காயமில்லை என்பதால் அந்நிகழ்வு விரைவில் மறக்கப்பட்டது.

காயத்தில் முடிந்த நிகழ்வுகள் இத்துறையின் வரலாற்றில் உண்டு. 1983 நவம்பர் 5 அன்று, வட கடலின் நார்வேப் பகுதியில் ஃப்ரிக் எரிவாயு வயலில் இருந்த பைஃபோர்ட் டால்ஃபின் கலத்தில், முக்குளிப்பவர்களின் அழுத்த அறையையும் பெல்லையும் இணைத்த வழியின் கிளாம்ப், உள்ளே ஒன்பது வளிமண்டல அழுத்தம் இருக்கும்போதே திறக்கப்பட்டது. அறைக்குள் இருந்த முக்குளிப்பவர் நால்வரும் வெளியே நின்ற உதவியாளர் ஒருவருமாக ஐவர் அந்த நொடியிலேயே மாண்டனர். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை கிளாம்ப் திறக்க மறுக்கும் பூட்டமைப்பு அதில் இல்லை. கடலடியில் கிளாம்பை அடைத்துவிட்டு வருபவர், திரும்பி வந்து உறங்குவதும் ஒரு கிளாம்பை நம்பியே என்பதைப் பின்தளத்தில் இருப்பவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். 1988 ஜூலை 6 அன்று 167 பேரைப் பலிகொண்ட பைப்பர் ஆல்ஃபா மேடை விபத்திலும், பழுதுபார்க்கக் கழற்றிய பாதுகாப்பு வால்வின் இடத்தில் பொருத்தப்பட்ட மூடு தட்டு கசிவின்றி இறுக்கப்படாததே முதல் கசிவுக்குக் காரணம் என்று கல்லன் பிரபு தலைமையிலான விசாரணை கண்டது. இவை இரண்டும் போல்ட் முறிந்ததால் நேர்ந்தவையல்ல. இணைப்பு எந்நிலையில் இருக்கிறது என்பதை அங்கே இருந்தவர்கள் அறியாததால் நேர்ந்தவை.

ஸ்டட்டின் உலோகம் பற்றியும் ஒரு சொல் தேவை. இழுவிசையே குறிக்கோள் என்றால் மிக வலிய, மிகக் கடினமான எஃகைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். கடலடியில் அது ஆபத்து. குழாயைத் துருவிலிருந்து காக்கப் பொருத்தும் அலுமினிய அல்லது துத்தநாக அனோடுகளின் மின்வேதிச் செயலால் எஃகின் பரப்பில் ஹைட்ரஜன் உண்டாகிறது. மிகக் கடினமான எஃகு அதை உட்கொண்டால், இழுவிசையில் நிற்கும்போது முன்னறிவிப்பின்றி நொறுங்கும். 2012 டிசம்பரில் மெக்சிகோ வளைகுடாவில் துளையிடும் கப்பல் ஒன்றின் கடலடி இணைப்பியில் போல்ட்டுகள் முறிந்தபோது, அமெரிக்க அரசின் கடல்சார் எண்ணெய்க் கண்காணிப்பு அமைப்பு 2014இல் வெளியிட்ட அறிக்கை ஹைட்ரஜன் வழி வந்த விரிசலையே காரணமாகக் காட்டியது. எனவே கடலடி ஸ்டட்டுகளுக்குக் கடினத்தன்மையின் மேல்வரம்பு ராக்வெல் அளவையில் 34 அல்லது 35 என்று வைக்கப்படுகிறது. மேற்கண்ட கணக்கில் 300 நியூட்டனோடு நிறுத்திக்கொண்டதற்கும், உலோகத்தின் தாங்கெல்லையை ஒட்டி இழுக்காததற்கும் இத்தகைய எச்சரிக்கைகளும் காரணம்.

முக்குளிப்பவர்கள் செல்லமுடியாத ஆழங்களில் இன்று தொலைவிலிருந்து இயக்கப்படும் எந்திரங்களே கிளாம்ப்களை மூடுகின்றன; மீயொலி அலையை ஸ்டட்டின் ஒரு முனையிலிருந்து செலுத்தி, அது மறுமுனையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு நீட்சியை நேராக அளக்கும் கருவிகளும் கிடைக்கின்றன. எஞ்சி நிற்கும் இழுவிசையைக் கண்ணால் காண்பதற்கு இதைவிட நல்ல வழியில்லை. ஆயினும் செலவைக் காரணம் காட்டி, பல பணிகளில் இன்றும் பம்ப்பின் மானி அளவு மட்டுமே பதிவேட்டில் ஏறுகிறது. கடலடி இணைப்புகளின் ஆவணங்களைச் சரிபார்த்துக் கையொப்பமிடும் இளம் பொறியாளர்கள், ஏற்றிய அழுத்தம் எவ்வளவு என்பதோடு நின்றுவிடாமல், சரிபார்ப்புச் சுற்றில் ஒவ்வொரு நட்டும் எவ்வளவு திரும்பியது, கிளாம்ப் இடைவெளி இரு பக்கமும் எவ்வளவு இருந்தது என்ற இரண்டையும் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். அவை இல்லாத தாளில் கையொப்பமிட மறுக்க வேண்டும்.